செம்மண்ணுக்கு அடியில் கிடந்த வயல்

அன்புள்ள மகனுக்கு,

உன் தாய்க்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நீ சொன்னாய். உன் சித்தப்பா வீட்டு முற்றத்தில், சொந்தபந்தம் எல்லாம் கூடியிருக்க, காப்பித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாய். "அம்மாவுக்கு வயசாயிருச்சு. முன்ன மாதிரி நெதானம் இல்ல. நம்மதான் பாத்து முடிவெடுக்கணும்" என்றாய். நான் அப்போது அடுப்படியில் இல்லை. உனக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். இது நீ செய்த முதல் தப்பு. இரண்டாவது இதைவிடப் பெரியது. வீடு கட்ட நீ குறித்த பள்ளவயலில் குழி தோண்டி, நான் சொன்னது சரி என்று உன் கண்ணாலேயே பார்த்தபிறகு, வீடு கட்டும் இடத்தை நம் மேட்டுக்காட்டுக்கு மாற்றிக்கொண்டாய். அது சரி. ஆனால் கேட்டவர்களிடம் எல்லாம் "மேட்டுல நல்லாக் காத்து வரும், அதான் மாத்திட்டோம்" என்று சொல்லிவிட்டுப் பெங்களூருக்கு வண்டி ஏறிவிட்டாய். நான் ஜெயித்த ஜெயத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டாய். முற்றத்தில் அன்றைக்குக் கூடியிருந்தவர்களுக்கு இன்றுவரை நான் புத்தி கெட்டவள்தான். கடைக்குப் போனால் என்னிடம் குரலை உயர்த்தி, நிறுத்தி நிறுத்திப் பேசுகிறார்கள். நாலு பேர் முன்னால் நடந்த தப்பை நாலு சுவருக்குள் சரிசெய்ய முடியாது. அதனால் இந்தக் கடிதத்தை நான் உறையில் போட்டு ஒட்டவில்லை. உனக்கு ஒன்று, உன் சித்தப்பாவுக்கு ஒன்று என்று எழுதியிருக்கிறேன். யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

தை மாதம் உனக்குக் கல்யாணம். அதற்குள் வீடு எழும்பிவிட வேண்டும் என்று நீ அவசரப்பட்டது எனக்குப் புரியாமல் இல்லை. வெளியூரில் வேலை பார்த்தாலும் சொந்த ஊரில் வீடு கட்டி, அதில்தான் பெண்ணை அழைத்து வரவேண்டும் என்று நினைத்தாயே, அதில் எனக்குப் பெருமைதான். இடத்தைத்தான் தப்பாகத் தேர்ந்தெடுத்தாய். பள்ளவயல் ரோட்டோரம் இருக்கிறது, லாரி வந்துபோக வசதி, மேலே பார்த்தால் கெட்டியான செம்மண், பழைய கல்தூண்களைப் பிடுங்கிவிட்டால் கிரிக்கெட் ஆடலாம்போலக் கிடக்கிறது. நீ வந்து பார்த்தது பங்குனிக் கடைசியில். வாய்க்கால் அடைத்திருந்த நேரம், மார்க்கையன்கோட்டை வட்டாரமே காய்ந்து கிடந்த நேரம். "செவக்காடும்மா இது, பாறை மாதிரி இருக்கு" என்றாய். உன் கூட்டாளி ஒருவன் மேலே ஒரு பிடி மண்ணை அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்துவிட்டு "சூப்பர் சாயில்" என்றான். அது தண்ணீர் வயல், அதில் சுவர் நிற்காது என்று நான் சொன்னேன். நீ சிரித்தாய். நான் திரும்பவும் சொன்னேன். நீ சித்தப்பா வீட்டுக்குப் போய் முற்றத்தில் சொந்தபந்தத்தைக் கூட்டினாய். அந்த வயல் என் அப்பா எனக்குக் கொடுத்தது, என் பேரில் இருப்பது. என் கையெழுத்து இல்லாமல் அங்கே ஒரு செங்கல்லும் இறங்காது. அதனால்தான் என் புத்தியைக் குறை சொல்ல வேண்டிய தேவை உனக்கு வந்தது.

அந்தச் செம்மண் எப்படி அங்கே வந்தது என்று உனக்குச் சரியாகத் தெரியாது. அப்போது நீ பள்ளிக்கூடத்துப் பையன். என் அப்பா காலத்திலும் அதற்கு முன்னாலும் அது இரண்டு போகம் நெல் விளைந்த இடம். மூன்று பக்கமும் நிலம் மேடாகி, நடுவில் இது தாம்பாளம்போலத் தாழ்ந்து கிடக்கும். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வரும்போது மேலேயும் நிற்கும். வாய்க்கால் அடைத்தபிறகும் மலையடிவாரத்து ஈரம் மண்ணுக்குள்ளேயே ஊர்ந்து வந்து அங்கே தங்கிப்போகும். கம்பம் பக்கம் பன்னீர் திராட்சை போட்டவர்கள் எல்லாம் மாடி வீடு கட்டிய காலத்தில் உன் அப்பாவுக்கும் அந்த ஆசை பிடித்துக்கொண்டது. திராட்சைக்குக் கால் நனைந்து நிற்கக்கூடாது என்பது அவருக்கும் தெரியும். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, மலையடிவாரத்திலிருந்து லாரி லாரியாகச் செம்மண் கொண்டுவந்து முழங்கால் உயரத்துக்கு வயலை மூடியது. மேலே மேடாகிவிட்டால் கீழே இருப்பது இல்லாமல் போய்விடும் என்று நினைத்தார். நம் பள்ளத்தாக்கில் அவர் ஒருவர் மட்டும் அப்படி நினைக்கவில்லை. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, கொடி ஏற்றினார். முதல் வருசம் பந்தல் பச்சைப் பசேல் என்று இருந்தது. அடுத்த வருசம் வாய்க்காலில் தண்ணீர் வந்த கையோடு இலை மஞ்சளடித்தது. நாற்று விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்றார். பிறகு கண்திருஷ்டி என்று தூணுக்குத் தூண் பூசணிக்காய் கட்டினார். நான் ஒரு செடியின் அடியில் தோண்டிப் பார்த்தேன். வேர் செம்மண்ணைத் தாண்டிக் கீழே இறங்கிய இடத்தில் கறுத்து, வழவழவென்று அழுகிப்போயிருந்தது. தோலை இழுத்தால் கையோடு வந்தது. "கீழ தண்ணி நிக்கிதுங்க" என்று சொன்னேன். "பொம்பளைக்கு என்ன தெரியும், பேசாம இரு" என்றார். கொடி முழுதும் பட்டுப்போய், தூண்கள்தான் மிச்சம். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், அவரை நான் இங்கே கூண்டில் ஏற்றவில்லை. ஆனால் அந்தப் பேச்சை நீ சொத்தோடு சேர்த்து வாங்கிக்கொண்டாய் என்பதை எழுதாமல் விடமாட்டேன்.

பேசாமல் இரு என்று சொன்ன அன்றைக்குத்தான் நான் படிக்க ஆரம்பித்தேன். எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்தினார்கள், நான் நிற்கவில்லை. தேனியில் பழைய புத்தகக் கடையில் வேளாண்மைப் பள்ளிக்கூடப் பாடப்புத்தகம் ஒன்றை, அட்டை கிழிந்ததை, பேரம் பேசி வாங்கினேன். புரியாத இடத்தை நாலு தடவை படித்தேன். அப்புறம் கையில் களைக்கொத்தியோடு புறப்பட்டேன். மலையடிவாரத்தில் ஒரு குழி, மானாவாரிக் காட்டில் ஒரு குழி, தென்னந்தோப்பில் ஒரு குழி, ஆற்றோரம் ஒரு குழி. எங்கே வீடு கட்டக் கடைக்கால் எடுத்தாலும், கிணறு வெட்டினாலும் போய் நின்று பார்ப்பேன். ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஒரு கட்டியைக் கொண்டுவந்து மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வரிசையாக வைத்தேன். நீ அதை எடுத்துக் காக்கையை எறிவாய். நான் திரும்ப வைப்பேன். உன் சித்தப்பா எனக்கு வைத்த பேர் உனக்கு ஞாபகம் இருக்கும். "மண்ணாங்கட்டி மதினி வாராக, வழிய விடுங்கப்பா" என்பார். தெருவே சிரிக்கும். சிரிக்கட்டும் என்று விட்டேன். எனக்கு ஒரு விசயம் பிடிபட்டுவிட்டால் அதை விடுகிற பழக்கம் கிடையாது.

எனக்குப் பிடிபட்டது இதுதான், நீயும் பொறுமையாகக் கேள். மண் என்பது கெட்டி அல்ல, அதற்குள் பாதிக்குப் பாதி சந்துபொந்து. அந்தச் சந்துகளில் காற்று இருக்கிறது. அந்தக் காற்றை வேர் குடிக்கிறது, புழு குடிக்கிறது, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் குடிக்கின்றன. தண்ணீர் வந்து நாள்கணக்கில் நின்றுவிட்டால் சந்து எல்லாம் அடைபடும். இருக்கிற காற்றை அவை குடித்துத் தீர்த்துவிடும், புதுக் காற்று உள்ளே வராது. அப்போது காற்று வேண்டிய உயிர்கள் சாகும் அல்லது ஓடும். காற்று இல்லாமலே பிழைக்கத் தெரிந்தவை பெருகும். செம்மண் ஏன் சிவப்பு? அதில் இருப்பது இரும்புத் துரு. காற்றில்லாத இடத்து நுண்ணுயிர் அந்தத் துருவைப் பிடித்து, அதிலிருந்து தனக்கு வேண்டிய மூச்சை எடுத்துக்கொள்கிறது. எடுத்ததும் துரு துருவாக இருக்காது. கரைந்து தண்ணீரோடு போய்விடும். சிவப்பு போனபின் மண்ணின் சொந்த நிறம் வெளியே தெரியும். அதுதான் சாம்பல் நிறம். சில இடத்தில் நீலம் பாய்ந்த சாம்பல், நம் வீட்டு அம்மிக்கல் நிறம். எங்கேயாவது ஒரு வேர் செத்து ஓட்டை விழுந்திருந்தால் அந்த வழியாகக் கொஞ்சம் காற்று இறங்கும். கரைந்த இரும்பு அங்கே வந்து திரும்பவும் துருவாகும். அதனால்தான் சாம்பல் மண்ணில் செம்பழுப்புக் கோடு கோடாக, நரம்பு ஓடியதுபோல இருக்கிறது. இலை தழை மக்குவதற்கும் காற்று வேண்டும். காற்றில்லாத இடத்தில் அவை அரைகுறையாக மக்கிக் கறுப்பாகத் தங்கிவிடும். ரொம்ப நாள் அடைபட்டுக் கிடந்தால் அழுகின முட்டை வாடையும் வரும். இவ்வளவும் ஒரு நாளில் நடப்பதில்லை. நடந்துவிட்டால் லேசில் அழிவதும் இல்லை. தண்ணீர் வற்றிப்போன கோடையிலும் மண் அதை மறைக்காது.

அந்த வாடை உனக்குப் புதிது அல்ல. உனக்கு ஏழெட்டு வயதிருக்கும், வைகை அணைக்கு எல்லோரும் போனோம். பூங்காவில் சறுக்கு ஆடியபிறகு, நீ பிடிவாதம் பிடித்து, நீர் இறங்கியிருந்த கரைப்பக்கம் ஓடினாய். மேலே காய்ந்து வெடித்திருந்த மண்ணை நம்பிக் கால் வைத்தாய். முழங்கால்வரை உள்ளே போயிற்று. அப்பா உன்னைத் தூக்கியபோது ஒரு செருப்பைக் காணோம், கால் இரண்டும் சாம்பல் காலுறை போட்டதுபோல இருந்தன. "அழுகின முட்ட, அழுகின முட்ட" என்று நீ அழுதாய். ஊர் வந்து சேரும்வரை பஸ்ஸில் உன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. மேலே காய்ந்திருப்பதை நம்பாதே என்று அந்த மண் உனக்கு அப்போதே சொன்னது. செருப்புக்காக அழுத நீ அதைக் கேட்கவில்லை.

இனி முற்றத்துக்கு வருகிறேன். நீ பேசி முடித்ததும் உன் சித்தப்பா என் பக்கம் திரும்பினார். "மதினி, பையன் ஆசைப்படுதான். உங்களுக்கு இன்னும் எத்தன காலம்? கையெழுத்தப் போட்டுட்டு நிம்மதியா இருங்க" என்றார். உன் அத்தைமார் தலையை ஆட்டினார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்து "தண்ணி கிண்ணி குடிக்கிறீகளா மதினி" என்று கேட்டாள், பைத்தியக்காரியைக் கேட்பதுபோல. நான் கையை உதறினேன். "நாளைக்குக் காலையில கடப்பாரையும் மம்பட்டியும் கொண்டாங்க. இடுப்பளவு தோண்டுவோம். செம்மண்ணு தாண்டிச் சாம்ப மண்ணு வரலன்னா, குழிக்குள்ளயே நின்னு கையெழுத்துப் போடுறேன். வந்துச்சுன்னா வீடு மேட்டுக்காட்டுல. சம்மதமா?" என்றேன். நீ "சம்மதம்" என்றாய். யாரும் பின்னால் மாற்றிப் பேசக்கூடாது என்று, வேளாண்மை ஆபீஸில் மண் பார்க்கிற அம்மாவையும் அழைத்து வருகிறேன் என்றாய். நல்ல யோசனை. அவர் உன் பக்கம் பேசுவார் என்று நீ நினைத்ததுதான் தப்புக் கணக்கு. படித்தவர்கள் யார் பக்கமும் பேசுவதில்லை, நல்லவிதமாகப் படித்திருந்தால்.

மறுநாள் குழியருகே நின்றவர்கள் நீ, நான், சித்தப்பா, அந்த அம்மா, தோண்டுவதற்கு இரண்டு ஆட்கள். முற்றத்துக் கூட்டம் வரவில்லை. அவர்களுக்கு முடிவு முன்னாலேயே தெரிந்துவிட்டதாம். கடப்பாரை இறங்கியது. சிவப்பு. இன்னும் இறங்கியது. சிவப்பு. சித்தப்பா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

"மதினி, மருதாணி வச்ச மாதிரி இருக்கு. எங்கன போடுறீக கையெழுத்த?"

"பேனாவ மூடி வைங்க தம்பி. மை காஞ்சிரப் போகுது."

முழங்கால் ஆழம் தாண்டியதும் மண்வெட்டிச் சத்தம் மாறியது. 'ணங்' என்று கேட்டது போய் 'சதக்' என்றது. கறுப்பு வந்தது. பழைய நெல் வயலின் மேல் மண், வைக்கோல் துணுக்கோடு, உன் அப்பா மூடியபடியே கிடந்தது. நான் கைதட்டிவிட்டேன். "கருப்பு வந்துருச்சு! போதும், ஏறுங்கடா மேல!" என்றேன். அந்த அம்மா என்னைத் தடுத்தார். "அவசரப்படாதீக ஆத்தா. கருப்பா இருந்தா ஈர நெலம்னு அர்த்தமில்ல. கரிசக்காடுங்கூடக் கருப்புதான், அது வானம் பாத்துக் கெடக்கு. இன்னுங் கீழ போகட்டும்" என்றார். இந்த ஓர் இடத்தில் நான் தோற்றேன். இத்தனை வருசம் கறுப்பைக் கண்டால் ஈரம் என்றே நம்பியிருந்தேன். தோற்றதையும் எழுதுகிறேன், ஜெயித்ததை யாரும் சந்தேகப்படக்கூடாது என்பதற்காக.

இன்னும் இறங்கினார்கள். தொடையளவில் வந்தது சாம்பல். அம்மிக்கல் நிறம், அதில் செம்பழுப்புக் கோடுகள். வாடையும் கூடவே ஏறியது. நீ மூக்கைச் சுளித்தாய். வைகை அணை உனக்கு ஞாபகம் வந்திருக்கும். சித்தப்பா பேனாவைப் பைக்குள் வைத்தார். ஆனால் நீ என் மகன், அவ்வளவு லேசில் விடுவாயா? நல்ல கேள்வி ஒன்று கேட்டாய். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

"யம்மா, இது பழைய தடம். நெல்லுப் போட்ட காலத்துல தண்ணி நின்னுச்சு, சாம்பலாச்சு. அப்புறம் காஞ்சுபோச்சு. அழிய நாளாகும்னு நீயேதான சொல்லுவ? இப்பத் தண்ணி எங்கன இருக்கு? காட்டு."

அந்த அம்மாவே "தம்பி கேக்குறது நியாயந்தான்" என்றார். பழைய ஈரத்தின் தடம் எது, இன்றைய ஈரம் எது என்று பிரிப்பதுதான் இந்தக் கலையிலேயே கஷ்டமான இடம் என்றும் சொன்னார். ஊருக்கெல்லாம் புத்தி பேதலித்தவளாகிவிட்ட நான் குழியின் ஓரத்தைப் பார்த்தேன். செம்மண்ணைத் துளைத்துக்கொண்டு அங்கங்கே கோரை முளைத்திருந்தது. மேலே மேடாக்கி, வருசக்கணக்கில் உழாமல் போட்ட நிலத்தில் கோரைக்கு என்ன வேலை? குழிச்சுவரில் அதன் வேர் எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று பார்த்தபடியே நானே உள்ளே இறங்கினேன். "மதினி, வழுக்கும்" என்றார் சித்தப்பா. ஒரு வேரை அறுபடாமல் சாம்பல் மண்ணோடு சேர்த்துப் பெயர்த்து, உன் கையில் வைத்தேன்.

"ஏலே, இது உசுரு வேரா, செத்த வேரா?"

நகத்தால் கீறிப் பார்த்தாய். "வெள்ளையா இருக்கு. உசுருதான்."

"அதச் சுத்திச் சட்ட போட்ட மாதிரி செவப்பா இருக்கே, என்னது?"

"துரு."

"இந்தக் கோரை எப்ப மொளச்சது?"

"போன மழைக்கு இருக்கும்."

"போன மழைக்கு மொளச்ச வேரச் சுத்தி, எங்க அப்பன் காலத்துத் துருவா வந்து கட்டும்?"

நீ வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். சித்தப்பாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "என்னலே, வாய்லயும் கோரை மொளச்சிருச்சா?" என்றார். அந்த அம்மா வேரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோரை தன் தண்டு வழியாகக் காற்றைக் கீழே கொண்டுபோகும், அது வேரிலிருந்து கசியும் இடத்தில் மட்டும் கரைந்த இரும்பு துருவாகும், உயிருள்ள வேரைச் சுற்றித் துரு இருந்தால் மண் இன்றைக்கும் மூச்சடைத்துக் கிடக்கிறது என்று பொருள், என்று விளக்கினார். பிறகு எனக்குத் தெரியாத ஒன்றையும் செய்து காட்டினார். குழியின் அடியிலிருந்து நீலச் சாம்பல் கட்டி ஒன்றை எடுத்து, உன் அப்பா நட்ட கல்தூணின் தலையில் வைத்தார். "டீ வாங்கிட்டு வாங்க, குடிச்சிட்டுப் பாப்போம்" என்றார். ரோட்டுக் கடையிலிருந்து டீ வந்து, குடித்து முடித்துத் திரும்பிப் பார்த்தால் கட்டியின் மேல்தோல் பழுப்பாக மாறியிருந்தது. இரண்டாக உடைத்தார். உள்ளே அதே நீலச் சாம்பல். அதுவரை காற்றே படாமல் இருந்த இரும்பு, பட்டவுடனே துருப்பிடித்துவிட்டது. குழியை எட்டிப் பார்த்தோம். வாய்க்கால் அடைத்த சித்திரை வெயிலில், கணுக்கால் நனையும் அளவுக்குத் தண்ணீர் ஊறியிருந்தது. "தண்ணி எங்கன இருக்கு, காட்டு" என்று கேட்டாயே. அங்கன இருந்தது.

"இங்கன வீடே கட்ட முடியாதா மேடம்?" என்று நீ கேட்டபோது உன் குரல் இறங்கியிருந்தது. "கட்டலாம் தம்பி. ஆனா மேல கட்டுறதவிடக் கீழ பொதைக்கிறது கூடுதலாயிரும். தண்ணி வந்தா மண்ணு இளகும், காஞ்சா இறங்கும், செவுரு வாயத் தொறக்கும். மேட்டுல எடம் வச்சுக்கிட்டு இங்கன எதுக்கு?" என்றார் அவர். போகும்போது என்னிடம் "ஆத்தா, அந்த மொட்டமாடிக் கட்டியெல்லாம் நான் ஒரு நாள் வந்து பாக்கணும்" என்றார். வந்தார். இரண்டு மணி நேரம் இருந்தார். மானாவாரிக் காட்டுக் கட்டியைப் பற்றி நாங்கள் சண்டைகூடப் போட்டோம். அது இன்னும் முடியவில்லை.

இதெல்லாம் நடந்தது. நீயும் அங்கே இருந்தாய். ஊரில் பரவியதோ காற்று வரும் கதை. மகனே, வீடு தப்பியதில் எனக்குச் சந்தோசம். உன் சம்பாத்தியம் சேற்றில் இறங்காமல் தப்பியதில் அதைவிடச் சந்தோசம். ஆனால் ஜெயித்தவள் நான். அதை நீ தெரியாமல் மறந்துவிடவில்லை, தெரிந்தே மூடினாய். உன் அப்பா வயலுக்கு மேலே செம்மண் போட்டார், நீ என் சொல்லுக்கு மேலே போட்டாய். மேலே எத்தனை லாரி கொட்டினாலும் கீழே இருப்பது தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும். உனக்கு வரப்போகிறவளுக்கும் இதைப் படித்துக் காட்டு. நாளைக்கு அவள் ஒன்று சொல்லும்போது உனக்கு அது பிடிக்காமல் இருக்கலாம், உளறலாகவும் தோன்றலாம். முதலில் மண்வெட்டியை எடு, பிறகு வாயைத் திற. தோண்டிப் பார்த்து அவள் சொன்னது தப்பு என்றால் தப்பு என்று சொல், அவள் தாங்கிக்கொள்வாள். தோண்டாமலே அவளுக்குப் புத்தி சரியில்லை என்று சொன்னால் தாங்கமாட்டாள். நானும் தாங்கவில்லை.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மாற்றம் கிடையாது.

பள்ளவயலில் கிடக்கும் செம்மண்ணை வழித்தெடுப்பது உன் சித்தப்பா பொறுப்பு. டிராக்டர் அவருடையது, பேனா எடுத்த கையும் அவருடையது. பழைய கறுப்பு மண் வெளியே தெரியும்வரை வழிக்க வேண்டும், அதற்குக் கீழே ஒரு கூடைகூட எடுக்கக்கூடாது. அப்படி எடுத்த செம்மண் முழுவதையும் மேட்டுக்காட்டில் உன் வீட்டுக் கடைக்காலுக்குள் கொட்டி, தண்ணீர் விட்டு இடிக்க வேண்டியது கொத்தனார். உன் அப்பா ஆசையாகக் கொண்டுவந்த மண், அது நிற்க வேண்டிய இடத்தில் நிற்கட்டும். கல்தூண்களைப் பிடுங்கி வீட்டுக்கு வேலிக்கால் போட வேண்டியது அன்றைக்குக் குழி தோண்டிய அதே இரண்டு பேர். அவர்களுக்கு இடம் தெரியும். ஒரு தூணை மட்டும் அங்கேயே விட வேண்டும், கட்டி வைத்துப் பார்த்தோமே, அந்தத் தூணை. மண் பார்க்கிற அம்மாவுக்குக் கல்யாணப் பத்திரிகையை நேரில் போய்க் கொடுக்க வேண்டியது நீ. உன் அத்தைமார் நாற்று நடவுக்கு வரவேண்டும்; எனக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டவள் முதல் வரிசையில் நிற்க வேண்டும், அங்கே தண்ணீருக்குக் குறைவிருக்காது. விதைநெல் என் பொறுப்பு, ஏற்கெனவே வாங்கி வைத்துவிட்டேன்.

ஆனியில் வாய்க்காலில் தண்ணீர் திறந்ததும் நீ லீவு போட்டு வரவேண்டும். செருப்பைக் கரையில் விட்டுவிட்டு, முழங்கால் சேற்றில், வயலின் நடுவில் இறங்கி நிற்க வேண்டும். அன்றைக்கு முற்றத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரையும் சித்தப்பா வரப்பில் கூட்டி வைத்திருப்பார். அவர்களைப் பார்த்து நீ சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "காத்துக்காக மாத்தல. எங்கம்மா சொன்னாக, தோண்டிப் பாத்தோம், சரியா இருந்துச்சு." நான் அந்தக் கல்தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருப்பேன். எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது. இருந்தாலும் சத்தமாகச் சொல்ல வேண்டும். வரப்பின் கடைசியில் நிற்பவருக்கும் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
புத்தி தெளிவாக இருக்கும் உன் அம்மா